மேல் அடுக்கின் நிறம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
29.10.1963

அன்புள்ள அபூதாஹிர் நானா அவர்களுக்கு,

வெட்கத்தை விட்டு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சீலா அக்காவின் நத்தார் மரத்தில் நான் என்னுடைய உள்கழிசானைக் காயப்போட்டேன்.

இதை வாசித்தும் நீங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை என்றால் மிச்சத்தையும் கேளுங்கள். இங்கே வாடைமழை பிடித்தபிடியாய் நிற்கிறது. கொடியில் போட்ட துணி கொடியிலேயே பாசி பிடிக்கிறது. அந்தக் கழிசானும் சாதாரணக் கழிசான் அல்ல. வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தது. நீங்களும் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். பனிக்கடலில் நின்று சண்டை பிடிக்கிறவனுக்கென்று தைத்த கம்பளி. காய்ந்திருந்தால் ஒரு இறாத்தல், நனைந்தால் உள்ளே அந்த வெள்ளைக்காரனும் இருக்கிற பாரம்.

அந்தக் கிறிஸ்மஸ் மரமோ முன்னறை யன்னலோரம் சாடியில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. அது நிற்கிற நிலையைப் பார்த்தால் யாருக்கும் எதையாவது மாட்டத் தோன்றும். கீழ்க் கொப்புகள் வளையுமே என்று இரக்கப்பட்டு, நட்டநடு உச்சியில் மாட்டினேன். குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறேன், ‘டக்’ என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் கழிசான் நிலத்தில். தலைக்கொழுந்து ஒரு நாரில் தொங்குகிறது.

நிமிர்த்திவைத்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்தர் சுற்றினேன். பக்கத்து வீட்டுத் திரேசம்மா எட்டிப் பார்த்து, “என்ன ஹெக்டர், மரத்துக்குத் தலையிடியோ?” என்று கேட்டாள். அடுத்த நாள் பிளாஸ்தருக்கு மேலே உள்ளதெல்லாம் வாடித் தொங்கிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரக் கொமாண்டரின் மனைவி கப்பலேறிய அன்று அந்த பங்களாப் படியில் சாடியில் வைத்த மரக்கன்றுகள் இரண்டு நின்றன. திரைச்சீலை தைத்துக்கொடுத்த அக்காவுக்கு ஒன்று. கயிறும் ஆணியும் கொண்டுபோய்க் கொடுத்த உங்களுக்கு ஒன்று. இரண்டும் ஒரே வயது, ஒரே உயரம். உங்களுடைய மரத்தை எனக்குக் கொஞ்சக் காலம் தந்துதவ வேண்டும். அக்கா ஒரு அலுவலாகக் கொழும்பில் நிற்கிறா. அவ வருமுன் அந்த யன்னலில் தலையுள்ள மரம் ஒன்று நிற்க வேண்டும்.

உங்கள் மகள் ரபீக்காவின் கலியாணத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதுதான். ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் வாப்பா ஸஹாப்தீன் ஹாஜியாரிடம், “உங்கட சம்மந்தி வீட்டில வருசம் முழுக்க நத்தார் மரம் நிக்குது தெரியுமோ?” என்று சொன்னது பகிடிக்கு. அவர் சோற்றிலிருந்து கையை எடுப்பார் என்று நான் கண்டேனா? நீங்கள் ஒரு வருடத்துக்கு என்னோடு பேசமாட்டேன் என்று சத்தியம் செய்ததாகக் கேள்விப்பட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது நானா. இது மட்டும் பகிடி இல்லை.

இப்படிக்கு,
ஹெக்டர்


துறையடிக் கடை,
கிண்ணியா.
3.11.1963

திரு. ஹெக்டர் அவர்களுக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலாவது, அது நத்தார் மரம் அல்ல. பழைய காலத்துக் கப்பல்காரர் பாய்மரத்துக்கு ஆகுமென்று நட்ட சாதி என்று கொமாண்டரே என்னிடம் சொன்னவர். என் வீட்டில் நின்றது பாய்மரச் செடி. நீங்கள் அதற்கு வைத்த பெயரால் என் சம்மந்தி அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, “என்ன மச்சான், டிசம்பர்ல மெழுகுதிரியும் கொளுத்துறீங்களோ?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

அன்றைக்கே மரத்தைக் கடையின் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டேன். சீமெந்து மூட்டைக்கும் வலைக்கயிற்றுக்கும் நடுவில் நிற்கிறது. தண்ணீர் ஊற்றுகிறோம், அவ்வளவுதான். இரவல் கொடுக்கிற எண்ணம் இல்லை.

இரண்டாவது, முறிந்த கொழுந்துக்குப் பிளாஸ்தர் சுற்றுகிற மனிதனை நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன். அதைக் கழற்றுங்கள். கொழுந்தில் பச்சை இருக்கும் இடத்தில் சவர அலகால் நேராக வெட்டி, ஈரமணலில் குத்தி, மேலே ஒரு ஜாம் போத்தலைக் கவிழ்த்து வையுங்கள். பிழைத்தாலும் பிழைக்கும். பக்கக் கொப்பை ஒடித்து நட்டுவிடாதீர்கள். இந்தச் சாதியில் உச்சிக் கொழுந்துக்கு மட்டும்தான் மேலே போகத் தெரியும். பக்கக் கொப்பு வேர் விட்டாலும் ஆயுள் முழுக்கப் பக்கவாட்டிலேயே ஊரும், உங்களுடைய கதையைப் போல.

மூன்றாவது, அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். ஒரு சாடிக்காக ஐம்பது வயது தாண்டிய மனிதன் நடுங்குவதா? சீலா தங்கச்சி ஏசுவா. பிறகு மறந்துவிடுவா. எல்லாரும் என்னைப் போல இல்லை.

இப்படிக்கு,
எம். அபூதாஹிர்


திருகோணமலை.
6.11.1963

அன்புள்ள நானா,

ஏன் நடுங்குகிறேன் என்று கேட்டீர்கள். ஒருவரிடமும் சொல்லக் கூடாதென்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தா. எழுதுவது பேச்சல்ல என்ற உங்கள் சட்டத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா அலுவலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறா. வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்க வேண்டும், நத்தார் வரைக்கும் தள்ளிப்போட ஏலாது என்று டொக்டர் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். அக்கா இன்னும் ஓம் என்று சம்மதிக்கவில்லை. மரத்தைக் கேட்கிறா.

நீங்கள் சிரிக்க வேண்டாம். சாதகம் பார்க்கிறவர்களையும், திரேசம்மா கட்டிக்கொண்டு திரிகிற நூலையும் பார்த்துச் சிரிக்கிற மனுசி என் அக்கா. ஆனால் இந்த மரத்தில் மட்டும் அவவுக்கு ஒரு பிடிப்பு. வருடாவருடம் வாடைமழை தொடங்கினதும் உச்சிக் கொழுந்து விரிந்து கொப்புகளின் புது அடுக்கு ஒன்று வரும். ஒரேயொரு வருடம் வரவில்லை. அந்த வருடம்தான் அம்மா போனவ. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் அக்கா தையல் மெசினில் இருந்து எழும்பி எழும்பிப் போய் உச்சியைப் பார்ப்பா. நான் பகிடி பண்ணினால், “நீ உன்ர அலுவலைப் பார்” என்பா. அந்தக் குரலில் பயம் இருக்கும்.

போன கிழமை வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறா: “புது அடுக்கு விரிஞ்சால் உடனே எழுது. அண்டைக்கே டொக்டரிட்ட ஓம் எண்டு சொல்லுவன். விரியாட்டி நான் வீட்டை வாறன். வாறது வீட்டில வரட்டும். மானுக்குக் குடுத்திடாத, விறாந்தையில வைக்காத.”

விறாந்தையில் வைத்து மானுக்கே கொடுத்திருக்கலாம். தெருவில் திரிகிற அந்த மான்களும் கழிசான் அளவுக்கு நாசம் செய்திருக்காது.

உண்மையை எழுதினால் அக்கா சாக வீட்டுக்கு வருவா. விரிந்துவிட்டது என்று பொய் எழுதினால் என் பொய்யை நம்பி ஒப்பரேசன் மேசையில் ஏறிப் படுப்பா. படுத்தவ எழும்பாவிட்டால்? நான் பொய்க்குப் புதியவன் அல்ல. துரைக்குச் சொன்னேன், சுவாமியாருக்குச் சொன்னேன், ஸஹாப்தீன் ஹாஜியாருக்கும் அரைகுறையாகச் சொன்னேன். ஆனால் அதில் எதற்கும் மேலே ஒரு மனுசி படுத்திருக்கவில்லை.

உங்கள் மரத்துக்குத் தலை இருக்கிறது. அதில் புது அடுக்கு விரிந்தால், “எங்கள் யன்னலில் நிற்கிற மரம் அடுக்கு விட்டிருக்கிறது” என்று நான் எழுதலாம். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. பாவசங்கீர்த்தனத்திலும் அது நிற்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வருமுன்பே நான் ஒரு பக்கக் கொப்பை ஒடித்து நட்டுவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். சாடிக்குள் ஓணான் மாதிரிப் படுத்திருக்கிறது. முறிந்த கொழுந்தைப் போத்தலுக்குள் வைத்திருக்கிறேன்.

நானா, அந்த வீட்டில் அக்காவையும் என்னையும் விட்டால் வேறு ஒருவரும் இல்லை. ராத்திரிச் சோற்றுக்கு ஒரு கோப்பையை மட்டும் எடுத்துவைக்க எனக்குப் பழக்கமில்லை.

ஹெக்டர்


கிண்ணியா.
10.11.1963

தம்பி ஹெக்டருக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி றம்ஸியாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழும்பிப் போய்விட்டா. பிறகு குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது: “ரபீக்காட கலியாண உடுப்பத் தைச்ச கை அது. நீங்க மரத்தக் குடுக்காட்டி நான் தலையில வெச்சிக் கொண்டுபோறன்.” அவ சொன்னால் செய்வா.

மரத்தைத் தருகிறேன். ஆனால் நீங்கள்தான் வந்து எடுத்துப்போக வேண்டும். சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டால் கொழுந்து தப்பாது. யாராவது வழி முழுக்க நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். முப்பது வருடம் கடற்படைத் துறையில் சம்பளம் வாங்கி, ஒருநாளும் ஒரு வள்ளத்திலும் கால் வைக்காத மனிதர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். ஆட்களைக் கரைசேர்க்கிற மிதவைப் பாதையில் ஏறித்தான் வர வேண்டும். கரைக்குக் கரை கூப்பிடு தூரம்தான். கைக்குழந்தையும் கோழியும் தினமும் வந்துபோகிற பாதை.

துறையடியில் மரத்தோடு நிற்பேன். பேச மாட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

புது அடுக்கு வந்திருக்கிறதா என்று என்னைக் கேட்க வேண்டாம். கலியாணத்துக்குப் பிறகு அதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னறையில் வெளிச்சமும் இல்லை. கொண்டுபோய் யன்னல் வெளிச்சத்தில் வைத்து நீங்களே பாருங்கள். பழைய அடுக்குகள் கரும்பச்சையாக இருக்கும். புதிது நாற்று மாதிரி இளம்பச்சை. அதில் பிழைவிட ஏலாது.

கடற்காற்று நேரே அடிக்கிற யன்னலில் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாடியைக் கால்வாசி திருப்புங்கள், இல்லாவிட்டால் வெளிச்சத்துக்குச் சாயும். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். துணி காயப்போட வேண்டாம் என்று எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சீலா தங்கச்சிக்கு அல்லாஹ் காவல்.

அபூதாஹிர்


திருகோணமலை.
18.11.1963

என் அன்பு நானா,

நான் பாதையில் ஏறினேன். இதை என் கல்லறையில் பொறிக்கலாம்.

ஏறினதும் கண்ணை இறுக மூடி, கம்பியைக் கட்டிப்பிடித்து, எனக்குத் தெரிந்த செபமெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன். தண்ணீர் என் காலுக்குக் கீழே ‘களக் களக்’ என்கிறது. ஒரு பரலோக மந்திரம் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது பக்கத்தில் கோழிக்கூடையோடு நின்ற ஒரு உம்மா என் தோளில் தட்டினா. “தம்பி, கண்ணத் துறவுங்க. பாத இன்னம் வெளிக்கிடல்ல.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கோழிகள்கூட என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கரையில் நீங்கள் நின்றீர்கள். சாடியைத் தூக்கி என் கையில் வைத்தீர்கள். உச்சியைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, பிறகு கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தீர்கள். கொழுந்து முறிந்தால் என் தலை போகும் என்று விளங்கிக்கொண்டேன். வாய் திறக்காமல் இவ்வளவு ஏசக்கூடிய மனிதரை நான் கண்டதில்லை. உங்கள் முழங்கை இரண்டாலும் தண்ணீர் வடிந்தது, முகமும் ஈரம். என்ன, குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடிவந்தீர்களோ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பாதைக்காரன் கத்தத் தொடங்கிவிட்டான்.

திரும்பிவரும்போது ஒரு அதிசயம். சாடியை நெஞ்சோடு அணைத்து, உச்சியைத் தாடைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தேன். கொழுந்து எங்கே தட்டுமோ என்ற பயத்தில் தண்ணீருக்குப் பயப்பட மறந்துபோனேன். ஒரு மனிதனுக்குள் ஒரு நேரத்தில் ஒரு பயம்தான் இருக்க இடமுண்டு போலும். நல்லகாலம், வீடு வந்து சேரும்வரை மழையும் விட்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து யன்னலில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நானா!

மேல் அடுக்கு இளம்பச்சை. கீழே உள்ளதெல்லாம் கறுத்து, மங்கி, சாம்பல் பூத்த கரும்பச்சை. மேலே மட்டும் சொட்டும் நாற்றுப் பச்சை, பளபளவென்று. நீங்கள் எழுதியபடியே. பிழைவிட ஏலாது. என் கண்ணை நம்பாமல் திரேசம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, “ஐயோ, கிளிப்பிள்ளை மாதிரியெல்லோ இருக்கு!” என்றாள். இரண்டு சாட்சி.

அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றேன். எழும்பி, அக்காவுக்கு எழுதினேன். “யன்னலில் நிற்கிற மரத்தில் மேல் அடுக்கு புதுசாய் விரிந்திருக்கிறது, திரேசம்மாவும் பார்த்தாள்.” வேறொன்றும் எழுதவில்லை. வேறு ஏதாவது எழுதினால் என் கை பொய்யை நோக்கித் தானாகவே போய்விடும். தபால்பெட்டி திறக்குமுன் போட வேண்டுமென்று ஓடினேன். ஓடுகிற வழியிலேயே மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. தலையில்லாத மரத்தை அலுமாரிக்குப் பின்னால் மறைத்துவைத்திருக்கிறேன்.

போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அது உறைத்தது. இனி அவ ஓம் சொல்லுவா.

ஹெக்டர்


கிண்ணியா.
21.11.1963

தம்பி ஹெக்டர்,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

அக்காவுக்கு எழுதிய கடிதம் இதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும், என்ன? சேர்ந்திருக்கும்.

கீழ் அடுக்குகளைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். வேண்டாம். மரத்தை யாரும் தொட வேண்டாம். கழுவவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும். திரேசம்மாவிடமும் சொல்லுங்கள்.

தொழுகைக்குப் பிறகு சீலா தங்கச்சிக்காகத் துஆக் கேட்கிறேன். றம்ஸியா நோன்பு பிடிக்கிறா. நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று அவ கேட்கிறா. கடைக்கு ஆணி கேட்டு வந்தவருக்குக் கயிறு வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒப்பரேசன் நாள் தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

அபூதாஹிர்


திருகோணமலை.
28.11.1963

அன்புள்ள நானா,

அக்காவின் கடிதம் வந்தது. இவ்வளவுதான் எழுதியிருக்கிறா: “சந்தோசம். ஓம் சொல்லிப்போட்டன். வாற செவ்வாய்க்கிழமை. நீ வராத. வந்து வாசலில நிண்டு அழுதால் டொக்டருக்குக் கை நடுங்கும். மரத்தோட நில்.”

மரத்தோடு நிற்கிறேன். கந்தோருக்கு லீவு போட்டுவிட்டேன். காலையில் எழும்பினதும் மேல் அடுக்கைப் பார்க்கிறேன். இன்னும் பச்சைதான். நீங்கள் சொன்னபடி யாரையும் கிட்ட விடுவதில்லை. திரேசம்மா தூசி தட்டுகிறேன் என்று துடைப்பத்தோடு வந்தாள். குசினிவரை துரத்திக்கொண்டு போனேன். “உமக்கு விசர்” என்று சொல்லிவிட்டு, கோபத்தோடேயே சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இந்த வீதியில் இத்தனை சைக்கிள் ஓடுகிறதென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் தந்திக்காரன் என்று வாசலுக்கு ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை இன்னும் வரவில்லை, தந்தி வர நியாயமே இல்லை என்று தெரிந்தும் ஓடுகிறேன்.

பகிடியாக ஒரு வரி எழுதி இதை முடிக்கலாமென்று நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வருகுதில்லை நானா.

பதில் போட வேண்டாம். உங்கள் கடிதத்தோடு ஒரு சைக்கிள் வாசலில் நின்றாலும் நான் விழுந்துவிடுவேன்.

ஹெக்டர்


திருகோணமலை.
20.12.1963

என் அன்பு நானா,

நீங்கள் திரேசம்மாவின் அண்ணனிடம் கேட்டு விஷயம் அறிந்தீர்களாம். இருந்தாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கு நிம்மதி. அக்கா வீட்டில். மெசினுக்குப் பக்கத்தில் சாய்கதிரையில் இருக்கிறா. இப்போது என்னைப் பார்த்து, “என்னடா, ஆரைப் பற்றி எழுதுறாய்?” என்று கேட்கிறா.

தந்தி வந்த கதை வெளியில் போகக் கூடாது. சைக்கிள் வாசலில் நின்றதும் நான் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஓம், இந்த வயதில். திரேசம்மா போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தாள். இங்கிலீசில் அடித்திருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியும், கண் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தத் தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் தந்திக்காரனே படியில் நின்று எட்டிப் பார்த்து, “ஐயா, சுகமெண்டுதான் போட்டிருக்கு” என்றான். திரேசம்மா அவனைக் கட்டிப்பிடித்தாள். நான் கதவைக் கட்டிப்பிடித்தேன்.

அக்கா படியேறினதும் யன்னலைப் பார்த்தா. ஒரு நிமிசமும் ஆகவில்லை. “இது என்ர மரமில்லை” என்றா. அவவுடைய மரத்தின் அடித்தண்டில் ஒரு கூன் இருக்குமாம். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அலுமாரிக்குப் பின்னாலிருந்து மற்றதை இழுத்துவந்து, கழிசானில் தொடங்கி எல்லாம் சொன்னேன். பாதையும் கோழியும் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்கப் பண்ணாதையடா, தையல் விட்டிடும்” என்று கண்ணீர் வரச் சிரித்தா.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உங்கள் மரத்தைக் கனநேரம் பார்த்தா. எட்டத்தில் இருந்துதான். இன்னும் எழும்பி நடக்க ஏலாது. “ஆற்ற மரமெண்டால் என்ன? புது அடுக்கு வந்ததுதானே. அது வராட்டி சத்தியமாய் நான் அந்த மேசையில ஏறியிருக்க மாட்டன்” என்றா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வெட்டியும் பிரயோசனம் இருந்திருக்காது என்று டொக்டர் சொன்னாராம்.

போத்தலுக்குள் வைத்த கொழுந்து இன்னும் பச்சையாகவே நிற்கிறது. ஓணான் கொப்பு பக்கவாட்டில் ஊர்கிறது.

இனி உங்கள் விஷயம். துறையடியில் உங்கள் முகம் ஏன் ஈரமாக இருந்ததென்று நான் பிறகு யோசித்துப் பார்த்தேன். குளியலாவது கிளியலாவது! நீங்கள் அழுதிருக்கிறீர்கள். என் அக்காவுக்காக, பேசாமல் நின்று அழுதிருக்கிறீர்கள். இதை நான் திரேசம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஆகவே உட்துறைமுக வீதி முழுவதற்கும் இப்போது உங்களில் பெரிய மரியாதை.

மரம் இன்னும் கொஞ்ச நாள் இங்கே நிற்கட்டுமா என்று அக்கா கேட்கிறா. கையோடு நீங்களும் றம்ஸியாவும் நத்தாருக்கு வாருங்கள். சத்தியம் கிடக்கட்டும். பேசாமல் இருந்து கேக் தின்னுங்கள்.

ஹெக்டர்


கிண்ணியா.
23.12.1963

தம்பி ஹெக்டருக்கு,

அல்ஹம்துலில்லாஹ். றம்ஸியா உங்கள் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா.

மரம் அங்கேயே நிற்கட்டும். ஸஹாப்தீன் ஹாஜியார் கடைக்கு வந்து, “எங்க மச்சான் உங்கட பாய்மரம்?” என்று கேட்டார். ஒரு நோயாளி வீட்டுக்குக் கொடுத்தேன் என்றேன். “நல்ல மரம்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். பாய்மரம் என்று அவர் வாயாலேயே வந்தது. அது போதும். நத்தாருக்கு வருகிறோம். பேச மாட்டேன், தின்பேன்.

ஆனால் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். நான் துறையடியில் அழுததாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் அழவில்லை. நான் பயந்தது அதற்குப் பிறகு, உங்கள் 18ஆம் திகதிக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து. செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்கவேயில்லை. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டுமா, எழுதாமல் விட்டது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. சீலா தங்கச்சியிடம் சொல்வதோ விடுவதோ உங்கள் பாடு. தையல் காயும்வரை பொறுங்கள்.

என் முகத்தில் இருந்தது சவுக்காரத் தண்ணீர். சீமெந்துத் தூசி படிந்த மரத்தை நோயாளி வீட்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் வந்த பாதை கரை தட்டுகிற நேரம் கழுவிக்கொண்டு நின்றேன். உச்சியில் தொடங்கினேன். மேல் அடுக்கு மட்டும்தான் கழுவி முடிந்தது.

அபூதாஹிர்